வெறும் சிப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டி மணி

ஆர்டுயினோ என்ற பயிற்சிப் பலகையில் எல்இடி மின்ன வைத்து, இரண்டு சென்சார் மாட்டி, திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். அந்தப் பலகையின் நடுவில் இருக்கும் 28 கால் சிப்பைத் தனியாக வாங்குங்கள், பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகையில்) குத்துங்கள், அதற்கு மின்சாரம், கடிகாரம், ரீசெட் எல்லாவற்றையும் நீங்களே கொடுங்கள். பலகை நல்ல விஷயம்தான், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். ஆனால் யூஎஸ்பி சிப், ரெகுலேட்டர், கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல், யூஎஸ்பி வழியே நிரலை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்று எல்லாம் தயாராக இருப்பதால், சிப் நம் கைக்கு வரும்போது எந்த நிலையில் இருக்கிறது, நாம் எதுவும் சொல்லாமலே அது என்னவெல்லாம் செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கும் தேவையே நமக்கு வருவதில்லை. எம்பெடட் வேலையில், அதாவது கருவிகளுக்குள் சிப்பை வைத்து இயக்கும் வேலையில், பாதி அந்தக் கேள்விதான்.

கேள்வியைத் தனியாகப் பேசினால் ஒட்டாது, அதனால் ஒரு சின்ன வேலையை வைத்தே சொல்கிறேன். மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் கீழே சமையலறையில் மணி அடிக்க வேண்டும். சுவரில் பிளக் தேடக் கூடாது, இரண்டு ஏஏ பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். ஒரு ஃப்ளோட் சுவிட்சும் (நீர் ஏறினால் மிதந்து மூடும் சுவிட்ச்) பஸ்ஸரும் போதுமே, சிப் எதற்கு என்று கேட்கலாம். வெறும் சுவிட்ச் என்றால் தொட்டி நிரம்பியிருக்கும் நேரம் முழுவதும் பஸ்ஸர் கத்தும், நாலு நாளில் பேட்டரி காலி. நிரம்பியதும் கொஞ்ச நேரம் அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், நீர் இறங்கி மறுபடி ஏறினால்தான் மறுபடி அடிக்க வேண்டும், பேட்டரி தீரப்போகிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சிப்.

சிப்பின் பெயர் ஏடிமெகா 328பி. 32 கேபி ஃப்ளாஷ், 2 கேபி ராம், 1 கேபி ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத தரவு நினைவகம்), 8 பிட். நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரண்டு மாணவர்கள் யோசித்த ஏவிஆர் கட்டமைப்பில் வந்தது. அட்மெல் நிறுவனம் அதைத் தயாரித்தது, 2016-இல் மைக்ரோசிப் அட்மெலையே வாங்கிவிட்டது. இதைவிட வேகமான, மலிவான சிப்புகள் இன்று நிறைய உண்டு. ஆனாலும் கற்றுக்கொள்ள நான் இதைத்தான் சொல்வேன். பிரெட்போர்டில் நேராகக் குத்தலாம், டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரக் கையேடு) தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, ஒரு ஆள் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில் இருக்கிறது. கல்லூரி லேபில் 8051 என்ற பழைய சிப்பின் கிட்டை அணைத்து அணைத்துப் போட்டவர்களுக்கு இதன் ரிஜிஸ்டர்கள் (சிப்பின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுப்படுத்தும் உள் நினைவிடங்கள்) அந்நியமாக இருக்காது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது பெயரின் வாலைப் பாருங்கள். பியு என்று முடிந்தால் பிரெட்போர்டில் குத்தும் வகை, ஏயு என்றால் பலகையில் சால்டர் செய்யும் சின்னச் சதுரம். '328' என்பதும் '328பி' என்பதும் ஒன்றல்ல, அடையாள எண்ணே வேறு. முதலாவது 1இ 95 14, இரண்டாவது 1இ 95 0எஃப். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட் ஒப்புக்கொள்ளாமல் அடையாளம் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். பூட்லோடர் ஏற்றிய சிப் வேண்டுமா என்றும் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், கிரிஸ்டல் இல்லாமல் வாயே திறக்காது.

சரி, மின்சாரம். 7-ஆம் கால் விசிசி, 8 கிரவுண்ட். இதோடு விட்டுவிடுபவர்கள் நிறைய. எதிர்ப்பக்கம் 20-இல் ஏவிசிசி, 22-இல் இன்னொரு கிரவுண்ட் இருக்கிறது, இரண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். அனலாக் எதையும் அளக்கப்போவதில்லை என்றாலும் இணைக்க வேண்டும், ஏனென்றால் சி போர்ட் என்ற கால் குழுவில் சில கால்களுக்கு மின்சாரம் ஏவிசிசி வழியாகத்தான் போகிறது. அப்புறம், விசிசி-கிரவுண்ட் ஜோடி ஒவ்வொன்றுக்கும் நெருக்கமாக ஒரு 104 செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். உள்ளே லட்சக்கணக்கான முறை டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும்போது நானோ விநாடிக் கணக்கில் மின்னோட்டம் துள்ளும், பேட்டரியிலிருந்து நீண்ட ஒயர் வழியாக அது வந்து சேர்வதற்குள் மின்னழுத்தம் சரிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர்தான் அந்தத் துள்ளலுக்குக் கொடுக்கிறது. எதற்கென்றே தெரியாமல் எப்போதாவது ரீசெட் ஆகும் சர்க்யூட்டுகளில் நான் முதலில் தேடுவது இந்த 104 எங்கே என்றுதான். ரீசெட் காலுக்கு, அதாவது 1-ஆம் காலுக்கு, விசிசியிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சில பிரெட்போர்டுகளில் ஓரத்து மின்கோடு நடுவில் அறுந்திருக்கும். மல்டிமீட்டரை கண்டின்யூட்டியில் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் ஏற்ற யூஎஸ்பிஏஎஸ்பி என்ற சின்ன புரோகிராமர் போதும். தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்துத் திறந்த மூலமாக வெளியிட்டது, இன்று யார் யாரோ செய்து விற்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் கையிலிருக்கும் ஆர்டுயினோவையே புரோகிராமராக்கலாம். மோசி (சிப்புக்குள் போகும் தரவு) 17, மிசோ (வெளியே வரும் தரவு) 18, எஸ்சிகே (தரவுக்குத் தாளம் தட்டும் கோடு) 19, ரீசெட் 1, கூடவே மின்சாரமும் கிரவுண்டும், ஆறு ஒயர்தான். புரோகிராமர் 5 வோல்ட் கொடுக்கும், ஆகவே அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்குள் மின்சாரம் திரும்பப் பாயும், அது கசியும், வெடிக்கவும் கூடும்.

புதிய சிப்பில் புரோகிராமர் பேசாமல் போவதற்கு ஒரு காரணம் அடிக்கடி வரும். பெட்டியிலிருந்து எடுத்த சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. எஸ்சிகே கோட்டின் வேகம் சிப்பின் வேகத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. புரோகிராமர் அதைவிட வேகமாகத் தட்டினால் சிப்புக்குக் கேட்காது. ஏவிஆர்டியூட் கட்டளையில் ஆங்கிலப் பெரிய பி (-B) கொடுத்து 10 என்று போட்டால் ஒரு தட்டுக்கு 10 மைக்ரோ விநாடி, 100 கிலோஹெர்ட்ஸ், உடனே பதில் வந்துவிடும். சில மலிவு புரோகிராமர்களின் பழைய ஃபர்ம்வேர் (உள்ளே இருக்கும் நிரல்) இந்தக் கட்டளையைக் கேட்காது, அவற்றில் மெதுவாக ஓட்டுவதற்கென்று ஒரு ஜம்பர் இருக்கும்.

ஏன் 1 மெகாஹெர்ட்ஸ்? இந்தச் சிப் 20 வரை ஓடக்கூடியதாயிற்றே! இங்கேதான் சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் ஃப்யூஸ் பிட்டுகள் வருகின்றன, எல்லோரும் பயப்படும் இடமும் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு பைட்டைப் பிரித்தே பார்த்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் லோ ஃப்யூஸின் மதிப்பு ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 62, பிட்டுகளாக 0110 0010. ஃப்யூஸ் உலகத்தில் 0 என்றால் 'போடப்பட்டது', 1 என்றால் 'போடப்படவில்லை', தலைகீழ். முதல் பிட் 0, அதன் வேலை கடிகாரத்தை 8-ஆல் வகுப்பது, ஆக வகுத்தல் நடக்கிறது. அடுத்த 1, கடிகாரத்தை வெளியே ஒரு காலில் காட்டுவது, அது நடக்கவில்லை. அடுத்த இரண்டு பிட், மின்சாரம் வந்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது. கடைசி நாலு, 0010, எந்தக் கடிகாரம் என்பது: உள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டர் (கிரிஸ்டல் இல்லாமல் துடிக்கும் கடிகாரம்). 8-ஐ 8-ஆல் வகுத்தால் 1. இவ்வளவுதான். வகுத்தல் வேண்டாம் என்றால் முதல் பிட்டை 1 ஆக்குங்கள், 62 என்பது இ2 ஆகிவிடும், சிப் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். இணையத்தில் கிடைக்கும் ஃப்யூஸ் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதற்குப் பதில் இப்படி ஒருமுறை காகிதத்தில் பிரித்துப் பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் போதும்.

நம் மணிக்கு நான் அதை மாற்றமாட்டேன், அதற்குக் காரணம் உண்டு. சிப்பின் வேகமும் மின்னழுத்தமும் ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் 4.5 வோல்ட் வேண்டும், 10-க்கு 2.7, 4-க்கும் கீழே என்றால் 1.8 போதும். புதிய ஆல்கலைன் பேட்டரி இரண்டு சேர்ந்து 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே தொடங்கி மெல்ல இறங்கும். 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பேட்டரியில் பாதிச் சத்து இருக்கும்போதே சிப் உத்தரவாத எல்லைக்கு வெளியே போய்விடும். 1-இல் விட்டால் 1.8 வரை, அதாவது ஒரு பேட்டரி 0.9 வோல்ட்டுக்கு இறங்கும்வரை நிம்மதியாக ஓடும். ஒரு சுவிட்சைப் பார்க்க 1 மெகாஹெர்ட்ஸே அதிகம்.

எந்த ஃப்யூஸைத் தொடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஹை ஃப்யூஸில் ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் பிட் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் இந்த ஆறு ஒயர் புரோகிராமரால் அதற்குப் பிறகு சிப்போடு பேசவே முடியாது, ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுக்கும் வேறு வகைக் கருவி வேண்டும். கடிகாரத்தை வெளியிலிருந்து வரும் என்று தவறாக அமைத்துவிட்டால் அவ்வளவு மோசமில்லை. வேறொரு சிப்பிலிருந்து ஒரு சதுர அலையை 9-ஆம் காலுக்குக் கொடுத்தபடியே ஃப்யூஸைத் திருத்திவிடலாம்.

முதல் நிரல் எல்இடிதான். ஆனால் அதை வெறும் சடங்காகச் செய்யாமல் அளவுகோலாகப் பயன்படுத்துங்கள். 14-ஆம் கால் பி போர்ட்டின் 0-ஆவது பிட். டிடிஆர்பி ரிஜிஸ்டரில் அந்தப் பிட்டை 1 ஆக்கினால் கால் வெளியீடாகும், போர்ட்பியில் 1 எழுதினால் எரியும். நிரலில் கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி, ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணையச் சொல்லுங்கள். கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனால் நீங்கள் நம்பும் வேகமும் சிப்பின் வேகமும் ஒன்று. எட்டு மடங்கு வேகமாகவோ மெதுவாகவோ மின்னினால் வகுத்தல் பிட்டைப் பற்றிய உங்கள் எண்ணம் தவறு. கணினிக்கு எழுத்து அனுப்பும் சீரியல் கோட்டில் குப்பை எழுத்து வருகிறது என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். சீரியல் பற்றி ஒன்று: 1 மெகாஹெர்ட்ஸில் சாதாரண முறையில் 9600 பாட் (விநாடிக்கு இத்தனை பிட் என்ற வேகம்) வைத்தால் வகுத்தல் சரியாக வராமல் 7 சதவீதம் பிழை, அது ஓடாது. இரட்டை வேகப் பிட்டைப் போட்டு, வேகத்துக்கான ரிஜிஸ்டரில் 12 என்று எழுதினால் பிழை 0.2 சதவீதம்தான்.

இப்போது தூக்கம். எனக்கு இந்தச் சிப்பில் மிகவும் பிடித்த பகுதி இது. சும்மா இருக்கும் ஆர்டுயினோ ஊனோ பலகை 40 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும், 9 வோல்ட் பேட்டரி ஒரு நாள் தாங்காது. அதிலிருக்கும் அதே சிப் தனியாக, பவர்-டவுன் என்ற ஆழ்தூக்கத்தில், டேட்டாஷீட்டின் முதல் பக்கக் கணக்குப்படி 1.8 வோல்ட்டில் 0.1 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கிறது. விழித்திருக்கும்போதே 1 மெகாஹெர்ட்ஸில் 0.2 மில்லி ஆம்பியர்தான். மிச்சமெல்லாம் பலகையின் செலவு.

முழுத் தூக்கத்தில் யாராவது எழுப்ப வேண்டுமே. குறித்த நேரம் கடந்ததும் சிப்பைத் தட்டும் வாட்ச்டாக் டைமருக்கென்று 128 கிலோஹெர்ட்ஸில் ஓடும் தனி ஆசிலேட்டர் உண்டு, அதிகபட்சம் 8 விநாடிக்கு ஒருமுறை எழுப்பும். அதை ரீசெட் செய்யாமல் இன்டரப்ட் (எழுப்பும் குறுக்கீடு) மட்டும் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். வாட்ச்டாக் ஓடினால் 3 வோல்ட்டில் தூக்கத்தின் செலவு 4, 5 மைக்ரோ ஆம்பியருக்கு ஏறும். இருக்கட்டும். எழுந்ததும் சுவிட்சைப் பார்ப்பதற்குச் சில மில்லி விநாடி, மறுபடி தூக்கம். சராசரியாக 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 44 மில்லி ஆம்பியர்-மணி. ஏஏ பேட்டரியில் 2000 இருக்கிறது. சிப் தீர்ப்பதற்கு முன் பேட்டரி தானாகவே வயதாகிப் போகும்.

காகிதக் கணக்கு இது. முதல்முறை மீட்டரில் பார்த்தால் இதைவிடப் பல மடங்கு காட்டும், ஏனென்றால் சிப் தூங்கினாலும் நாம் அணைக்கச் சொல்லாதவை ஓடிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியை ஒருமுறை இயக்கிவிட்டால், தூங்கும் முன் நாம்தான் அணைக்க வேண்டும், தூக்கத்திலும் அது எடுக்கும். எதற்கும் இணைக்காத கால்கள் அந்தரத்தில் தொங்கினால், சிப் விழித்திருக்கும்போது உள்ளீட்டு மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவில் ஊசலாடி, உள்ளே மின்சாரம் கசியும் (ஆழ்தூக்கத்தில் சிப்பே அந்த உள்ளீடுகளைத் துண்டித்துவிடும்), அவற்றுக்கு உள் புல்-அப்பை, அதாவது காலை விசிசி பக்கம் இழுத்துவைக்கும் உள் ரெசிஸ்டரை, போட்டுவிடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் காவலன் புதிய சிப்பில் அணைந்துதான் இருக்கும். ஈஈப்ராமில் எழுதும் வேலை இருந்தால் 1.8 வோல்ட்டில் அதைப் போடுவது நல்லது, 328பியில் தூங்கும்போது மட்டும் அதை நிரலிலேயே நிறுத்திவைக்கலாம்.

இந்த மணியில் சுவிட்சே பெரிய திருடன். ஃப்ளோட் சுவிட்சின் ஒரு ஒயர் கிரவுண்டுக்கு, இன்னொன்று சிப்பின் காலுக்கு, காலில் உள் புல்-அப். எல்லாப் பாடத்திலும் இப்படித்தான் இருக்கும். புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம். தொட்டி நிரம்பி சுவிட்ச் மூடியிருந்தால் அதன் வழியாக 3 வோல்ட்டில் 60 முதல் 150 மைக்ரோ ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், தூங்கும் சிப் எடுப்பதைப்போல் 12 முதல் 30 மடங்கு. வீட்டில் தொட்டி நிரம்பியிருக்கும் நேரம்தானே அதிகம்! பட்டன் அழுத்தும் நேரம் மட்டும் மூடும் பாட உதாரணத்தில் இது தெரியவே தெரியாது. செய்ய வேண்டியது: எழுந்ததும் புல்-அப்பைப் போடு, கொஞ்சம் பொறு, படி, அந்தக் காலையே வெளியீடாக்கி 0-இல் வை, தூங்கு. சுவிட்ச் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் கிரவுண்ட், ஓட மின்சாரமே இல்லை.

மாடியிலிருந்து சமையலறை வரை ஒயர் நீளம் என்பதால் பக்கத்தில் ஓடும் மோட்டார் ஒயரின் இரைச்சல் அதில் ஏறும். அதற்காகக் காலுக்கு முன் 1 கிலோ ஓம் ஒன்று, ஒரே முறை படித்து நம்பாமல் சில மில்லி விநாடி இடைவெளியில் பலமுறை படித்து எல்லாம் ஒத்துப்போனால் மட்டும் ஏற்பது. பஸ்ஸரை நேராகக் காலில் மாட்டாமல் பிசி547 டிரான்சிஸ்டர் வழியாக, பேஸில் 1 கிலோ ஓம் வைத்து ஓட்டுங்கள், ஒரு காலின் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான்.

இந்த மைக்ரோ ஆம்பியரை அளப்பதும் ஒரு கலை. மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவில் உள்ளே பெரிய ரெசிஸ்டர் இருக்கும். சிப் எழுந்து பஸ்ஸர் அடித்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகும், அளப்பவர் நிரலில் தவறு தேடுவார். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஜம்பர் ஒயரைப் போட்டு வைத்து, சிப் தூங்கப் போனதும் அதைப் பிடுங்கி, அடுத்த விழிப்புக்கு முன் எண்ணைப் படியுங்கள். 8 விநாடி தாராளம். இருநூற்றுச் சொச்சத்தில் ஆரம்பித்து, ஏடிசியை அணைத்ததும் ஒரு குதி, சுவிட்சின் காலை 0-இல் வைத்ததும் இன்னொரு குதி என்று இறங்கி, 5-இல் நிற்பதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையை ஒருமுறை செய்யலாம்.

பேட்டரி அளவைப் பார்க்க ஒரு ரெசிஸ்டர்கூட வேண்டாம். சிப்புக்குள் 1.1 வோல்ட் குறிப்பு (ஒப்பிட்டு அளப்பதற்கான நிலையான மின்னழுத்தம்) ஒன்று இருக்கிறது. வழக்கமாகத் தெரிந்த குறிப்பை வைத்துத் தெரியாததை அளப்போம், இங்கே திருப்பிப் போடுங்கள்: பேட்டரியைக் குறிப்பாக வைத்து அந்த 1.1-ஐ அளக்கச் சொல்லுங்கள். முழு அளவு 1024 என்ற கணக்கில், பேட்டரி 3 வோல்ட் என்றால் 375 என்று வரும், 2.2-க்கு இறங்கினால் 512. பேட்டரி குறையக் குறைய எண் ஏறும். அந்த 1.1 சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறலாம் என்பதால் ஒருமுறை மீட்டரை வைத்து ஒப்பிட்டு, உங்கள் சிப்பின் எண்ணை நிரலில் எழுதிவிடுங்கள். ஏடிசியை இயக்கியதும் வரும் முதல் சில அளவுகளைத் தூக்கிப் போடுங்கள், குறிப்பு நிலைபெறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். நாளுக்கு ஒருமுறை அளந்தால் போதும். 512-ஐத் தாண்டினால் நிரம்பும்போது அடிக்கும் மணியில் கடைசியாக நீளமாக ஒரு அடி சேர்த்துவிடலாம்.

இத்தனைக்கும் நிரல் ஒரு கேபிக்குள் அடங்கிவிடும். டேட்டாஷீட் நூற்றுக்கணக்கான பக்கம் என்று மலைக்க வேண்டாம். கால் படம், கடிகாரம், பவர் மேனேஜ்மெண்ட், ஐஓ போர்ட், கடைசியில் மின் பண்புகள் அட்டவணை, இந்த அத்தியாயங்கள் போதும், மற்றதை வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம். இறுதியாண்டு பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் நம் பொறியியல் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. நாலு பேர் சேர்ந்து இந்த மணியை 5 மைக்ரோ ஆம்பியருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு குதிக்கும் எது காரணம் என்று சொல்ல முடிந்தால், நான் நேர்முகத் தேர்வில் அவர்களைத்தான் எடுப்பேன்.

மணி அடிப்பதோடு நிற்காமல் மோட்டாரையும் இதுவே நிறுத்தினால் என்ன என்று அடுத்து தோன்றும். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் காயில் மட்டும் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும், இரண்டு ஏஏ பேட்டரிக் கணக்கு அங்கேயே முடிந்தது. கூடவே 230 வோல்ட், ஈரம், மோட்டார் நிற்கும்போது வரும் பொறி எல்லாம் சேர்ந்து வரும். அதற்குச் சுவர் மின்சாரம், தனிப் பெட்டி, எலக்ட்ரீஷியன் ஒருவரின் கை எல்லாம் வேண்டும், அதே 28 கால் சிப்தான் என்றாலும் அது வேறு வேலை.